காலை ஏழரை மணி வகுப்பு

கேள்வி இதுதான்: “பள்ளி இறுதி ஆண்டில் இருக்கிறேன். பெரியவர்கள் யாரைக் கேட்டாலும், ‘நான் இந்த வேலைக்கு வந்ததே தற்செயல்’ என்கிறார்கள். எங்களிடம் மட்டும் இலக்கை முடிவு செய், திட்டம் போடு என்கிறார்கள். ஒரு மாணவர் தன் தொழிலைத் தேர்ந்தெடுப்பதில் தற்செயலுக்கு உண்மையில் எவ்வளவு பங்கு? அது பெரிது என்றால் திட்டம் போடுவது எதற்கு?”

உங்கள் பெரியவர்கள் இரண்டு இடத்திலும் பொய் சொல்லவில்லை. தங்கள் கதையைச் சொல்லும்போது நடந்ததைச் சொல்கிறார்கள். உங்களுக்கு அறிவுரை சொல்லும்போது, நடந்திருக்கலாமே என்று தாங்கள் ஏங்கியதைச் சொல்கிறார்கள். மாணவர்களோடு உட்கார்ந்து ‘அடுத்து என்ன படிப்பது’ என்று பேசுவதே பல ஆண்டுகளாக என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: தற்செயலின் பங்கு பெரிது. அதிலும், எல்லோரும் கதையாகச் சொல்லும் தற்செயலைவிட, யாரும் கதையாகச் சொல்லாத தற்செயல்தான் அதிக வேலை செய்கிறது. இந்தப் பதிலில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகையைப் பற்றியது.

சொல்லிலிருந்து தொடங்குகிறேன். தற்செயலைக் குறிக்க நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்கிறோம். நல்லது நடந்தால் யோகம், கெட்டது நடந்தால் தலையெழுத்து. இவற்றில் எனக்குப் பிடித்தது ‘அதிர்ஷ்டம்’ என்ற சொல். வடமொழியில் அதன் நேர்ப்பொருள் ‘காணப்படாதது’. நல்லது, கெட்டது என்ற பேச்சே அதில் இல்லை. காரணம் எங்கோ இருந்தது, நம் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். மாணவர்களின் படிப்புத் தேர்வைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் இன்னும் பார்க்கவில்லை.

எவ்வளவு பங்கு என்று கேட்டீர்கள். 2005-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களான ஜிம் பிரைட், ராபர்ட் பிரையர் ஆகியோரின் குழு பள்ளி, பல்கலைக்கழக மாணவர்கள் 772 பேரிடம் இதையே கேட்டது. எதிர்பாராத நிகழ்வு ஒன்று தங்கள் தொழில் முடிவைப் பாதித்தது என்று சொன்னவர்கள் சுமார் 69 சதவீதம். அதற்கு முன்பே, 1996-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு வயதில் மூத்தவர்கள் 237 பேரிடம் கேட்டிருந்தது. அதில் ஆண்களில் 63 சதவீதமும் பெண்களில் 58 சதவீதமும் ஆமாம் என்றார்கள். ஆக, இளையவரோ மூத்தவரோ, பத்துப் பேரில் ஏறக்குறைய ஆறேழு பேர்.

இந்த எண்களை நான் அப்படியே தலையில் தூக்கிவைத்துக்கொள்வதில்லை. கேட்டது நினைவை, நினைவு தனக்குப் பிடித்த கதையைத்தான் சொல்லும். வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்று நம்புகிறவர் தற்செயலைக் குறைத்துச் சொல்வார், எல்லாம் வெளியிலிருந்து வருகிறது என்று நம்புகிறவர் கூட்டிச் சொல்வார். அந்த ஆஸ்திரேலிய ஆய்விலேயே இந்தச் சாய்வு தெரிந்தது. இன்னொன்றும் உண்டு. தாங்கள் கவனித்த தற்செயலைத்தான் யாராலும் சொல்ல முடியும்: ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சொன்ன செய்தி, கடைசி நாளில் கண்ணில் பட்ட விளம்பரம். கவனிக்காமல் போனதை எப்படிச் சொல்வார்கள்?

கவனிக்காததைப் பிடிக்க வேறு உத்தி வேண்டும். ஒரே பாடத்தை வெவ்வேறு சூழலில் கற்பித்து, யார் எந்தச் சூழலில் உட்கார வேண்டும் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தால் தெரிந்துவிடும். ஆராய்ச்சிக்காக யாரும் பிள்ளைகளின் வாழ்க்கையை அப்படிக் குலுக்க மாட்டார்கள். நிர்வாக வசதிக்காகக் குலுக்கும் இடங்கள் உண்டு. அமெரிக்காவின் ராணுவக் கல்லூரியான வெஸ்ட் பாயிண்ட் அவற்றில் ஒன்று. அங்கே சில பொதுப் பாடங்களை எல்லோரும் படித்தாக வேண்டும். எந்தப் பாடம் எத்தனை மணிக்கு என்பதில் மாணவரின் விருப்பத்துக்கு இடமில்லை. கால அட்டவணை மேலிருந்து வரும். ஆனால் பட்டத்துக்கான முதன்மைப் பாடம் எது என்பதை மட்டும் ஒவ்வொருவரும் தாமே தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஆய்வாளர்கள் நால்வர் அந்தக் கல்லூரியின் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார்கள். 2021-இல் வெளியான முடிவு இது. ஒரு பாடத்தைக் காலை 7.30 மணி வகுப்பில் படிக்க நேர்ந்தவர்கள் அதை முதன்மைப் பாடமாக எடுப்பது, அதே பாடத்தைப் பொழுதேறிப் படித்தவர்களைக் காட்டிலும் சுமார் 10 சதவீதம் குறைந்திருந்தது. அதாவது, நூறு பேர் எடுத்திருக்கக்கூடிய பாடத்தைத் தொண்ணூறு பேர்தான் எடுத்தார்கள். இடைவெளியே இல்லாமல் வேறு வகுப்புகளை முடித்துவிட்டுக் களைத்துப்போய் வந்து உட்கார்ந்த பாடத்துக்கும் ஏறக்குறைய இதே கதிதான். தூக்கக் கலக்கத்தில் கேட்ட பாடம் சலிப்பூட்டியது. அந்தச் சலிப்பைத் தூக்கத்தின் கணக்கில் எழுதாமல் பாடத்தின் கணக்கில் எழுதிவிட்டார்கள். ‘எனக்கு இந்தப் பாடம் பிடிக்காது’ என்று அவர்களில் ஒருவர் சொல்லியிருந்தால் அது பொய்யாகாது. பிடிக்காமல்தான் போயிற்று. ஏன் பிடிக்காமல் போயிற்று என்பதுதான் காணப்படாதது.

இதே காலை நேரம் இன்னொருவருக்கு நேர் எதிராக வேலை செய்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய உளவியலாளர்களில் ஒருவரான ஆல்பர்ட் பண்டுரா, 1940-களின் இறுதியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தார். அவரோடு சேர்ந்து பயணம் செய்தவர்கள் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் படித்துக்கொண்டிருந்தவர்கள், விடியலிலேயே கிளம்பிவிடுவார்கள். இவருக்கோ அந்த நேரத்தில் வகுப்பு இல்லை. ஒருநாள் நூலகத்தில் பொழுதைப் போக்கிக்கொண்டிருந்தபோது, யாரோ எடுத்துவிட்டுத் திருப்பி வைக்காமல் போன பாடப்பட்டியல் கண்ணில் பட்டது. புரட்டினார். காலை நேரத்தை நிரப்பத் தோதாக ஓர் உளவியல் வகுப்பு இருந்தது. சேர்ந்தார். பிறகு அதுவே வாழ்க்கை. 1982-இல் தற்செயல் சந்திப்புகள் வாழ்க்கைப் பாதையை எப்படித் திருப்புகின்றன என்று தனிக் கட்டுரையே எழுதினார். (அதே பொருளில் அவர் ஒருமுறை ஆற்றிய உரையைக் கேட்க வந்த ஒரு பதிப்பாசிரியர், நிறைந்துகொண்டிருந்த அரங்கில் வாசலருகே கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த பெண்ணைச் சில மாதங்களில் மணந்துகொள்ளவிருந்தார் என்று பண்டுராவே எழுதியிருக்கிறார். உரைக்கு இதைவிட நல்ல பின்னிணைப்பு கிடைக்காது.)

விடியற்காலை வகுப்பு ஒருவரைத் துறைக்குள் கொண்டுவந்தது, பலரைத் துறையிலிருந்து தள்ளியது. ஆகவே ‘காலை வகுப்பு கெடுதல்’ என்று இதிலிருந்து பாடம் எடுக்காதீர்கள். பண்டுராவுக்குத் தன்னை எது கொண்டுவந்தது என்று தெரிந்திருந்தது, சிரித்துக்கொண்டே சொல்ல முடிந்தது. விலகிப்போனவர்களுக்குத் தங்களுக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. தற்செயல் வாய்ப்பாக வந்தால் அடையாளம் தெரிகிறது. நம் சொந்தக் கருத்தாக வந்தால் தெரிவதில்லை.

அதே ராணுவக் கல்லூரியில் நடந்த மற்றோர் ஆய்வு இன்னும் கூர்மையானது. முதன்மைப் பாடத்தை முடிவு செய்ய வேண்டிய பருவத்திலேயே ஒரு பாடம் ஒருவருக்கு ஒதுக்கப்பட்டிருந்தால், அதை அவர் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு, முடிவு செய்த பிறகு அதே பாடத்தைப் படித்தவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. பாடம் அதே பாடம். வந்த மாதம்தான் வேறு. பிறகு மாற்றிக்கொள்வது எளிதாக இருந்தும், அந்த விளைவில் ஏறத்தாழ பாதி பட்டம் பெறும்வரை தங்கிவிட்டது. கண்ணெதிரே இருந்ததை எடுத்தார்கள், எடுத்ததை விடவில்லை. விண்ணப்பப் படிவத்தின் கடைசித் தேதிக்கு முந்தைய வாரம் எந்தப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வந்ததோ அந்தத் துறைக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறவன் என்பதால், இந்த முடிவு எனக்கு வியப்பளிக்கவில்லை.

ஆசிரியர் யார் என்பதும் இப்படித்தான். அமெரிக்க விமானப்படைக் கல்லூரியிலும் எந்த மாணவருக்கு எந்தப் பேராசிரியர் என்பது குலுக்கல் முறையில்தான் அமைகிறது. 2010-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, கணிதத்தில் மிகத் திறமையான மாணவியருக்குத் தொடக்க நிலைக் கணித, அறிவியல் வகுப்புகளில் பெண் பேராசிரியர் வாய்த்தபோது, அறிவியல் படிப்புகளில் ஆண்களுக்கும் அவர்களுக்கும் இருந்த இடைவெளி ஏறக்குறைய மறைந்தே போயிற்று. ஆண் மாணவர்களிடம் பேராசிரியர் ஆணா பெண்ணா என்பதால் பெரிய மாற்றம் இல்லை. முதல் ஆண்டில் வகுப்பறைக்குள் யார் நுழைந்தார் என்பதைப் பொறுத்து ஒரு பெண் பொறியாளர் ஆகிறாள் அல்லது ஆகாமல் போகிறாள். ‘பெண்களுக்கு இதில் அவ்வளவு நாட்டம் இல்லை’ என்று பேசுகிறவர்கள் இந்த ஆய்வுக்கு முதலில் பதில் சொல்லட்டும்.

எல்லாவற்றையும் தற்செயல் தலையில் கட்டுவதும் தவறு. அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் விடுதி அறைத்தோழர்களைக் குலுக்கல் முறையில் சேர்ப்பார்கள். அதை வைத்து 2001-இல் வந்த ஆய்வு, அறைத்தோழரால் ஒருவரின் மதிப்பெண்ணும் அவர் சேரும் மாணவர் சங்கமும் மாறுவதைக் கண்டது. முதன்மைப் பாடத் தேர்வு மாறவில்லை. ‘கூடாத சகவாசத்தால் தப்பான படிப்பில் சேர்ந்துவிட்டான்’ என்று பெற்றோர் அடிக்கடி சொல்லும் குற்றச்சாட்டுக்கு அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை.

ஆய்வுகள் போதும். என் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு மாணவனைப் பற்றிச் சொல்கிறேன்.

வந்த உடனேயே, “வேதியியல் சம்பந்தப்பட்ட எதுவும் வேண்டாம், எனக்கு அது வராது” என்றான். வரலாறு மிகவும் பிடிக்கும் என்றான். எப்போதிலிருந்து வேதியியல் பிடிக்காமல் போயிற்று என்று கேட்டேன். ஒன்பதாம் வகுப்பிலிருந்து. எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தாய்? உயரம் அதிகம் என்பதால் கடைசி வரிசை. ஆசிரியர் எப்படி நடத்துவார்? கரும்பலகை நிறைய சமன்பாடுகளை எழுதிவிட்டு, அதைக் காட்டிக் காட்டிப் பேசுவார். வரலாற்று ஆசிரியர்? அவர் சுண்ணக்கட்டியைத் தொடவே மாட்டார், கதையாகச் சொல்லிக்கொண்டே நடப்பார். இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்: “இதைப் பத்தாம் வகுப்பில்தான் போட்டேன்.”

வேதியியல் சமன்பாட்டில் உயிர்நாடி எங்கே இருக்கிறது? எழுத்துக்குக் கீழே பொடியாக எழுதும் எண்ணில். ஓர் ஆண்டு முழுவதும் அந்த எண்கள் அவன் கண்ணுக்கு எட்டவில்லை. எட்டவில்லை என்பதும் அவனுக்குத் தெரியாது. எல்லோருக்கும் பலகை அப்படித்தான் தெரியும் என்று நினைத்திருந்தான். புரியாததற்குக் காரணம் தேடிய மனம் ‘எனக்கு வராது’ என்ற முடிவுக்கு வந்துவிட்டது. அடுத்த ஆண்டு கண்ணாடி வந்தது, முடிவு மட்டும் மாறவில்லை.

அவன் அன்றிரவே வேதியியலில் குதித்துவிட்டான் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. வரலாறுதான் படித்தான், நன்றாகவே இருக்கிறான். காது வழியாக வந்த ஆசையும் உண்மையான ஆசைதான். வேதியியல் வராது என்று சொல்வதை மட்டும் விட்டுவிட்டான். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

எங்கள் துறைக்கும் இப்படி ஒரு கண் குறை இருந்தது. தொழில் வழிகாட்டல் என்று ஒன்று முறையாகத் தொடங்கியது 1908-இல், பாஸ்டனில், ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவரால். உன்னை அறி, வேலைகளை அறி, இரண்டையும் அறிவைக்கொண்டு பொருத்து என்பது அவர் வகுத்த வழி. பிறகு வந்த ஜான் ஹாலண்ட் மனிதர்களையும் வேலைகளையும் ஆறு வகைகளாகப் பிரித்தார். இன்று நீங்கள் எழுதும் ‘ஆர்வத் தேர்வுகள்’ பலவற்றுக்கும் அவர்தான் மூலம். நல்ல கருவிகள், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அவை உங்கள் இன்றைய விருப்பத்தை அளக்கும், அது எங்கிருந்து வந்தது என்று கேட்காது. என் மாணவன் ஒன்பதாம் வகுப்பில் அப்படி ஒரு தேர்வை எழுதியிருந்தால், ‘அறிவியல் நாட்டம் குறைவு’ என்று அச்சடித்த தாளே கையில் கொடுத்திருக்கும்.

தற்செயலைக் கணக்குக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் க்ரம்போல்ட்ஸ். 1999-இல் இரண்டு சகாக்களோடு சேர்ந்து ‘திட்டமிட்ட தற்செயல்’ என்ற கருத்தை முன்வைத்தார். அவர் உளவியலுக்கு வந்த கதையே வேடிக்கையானது. கல்லூரியில் முதன்மைப் பாடத்தை அறிவிக்க வேண்டிய நேரம் வந்தபோது, அவருக்கு டென்னிஸ் கற்றுக்கொடுத்தவரிடம் யோசனை கேட்டார். அந்தப் பயிற்சியாளர் உளவியல் பேராசிரியரும்கூட. முடிவு என்னவாயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை. தற்செயலைப் பயன்படுத்திக்கொள்ள ஐந்து பண்புகள் வேண்டும் என்றார்: அறியும் ஆவல், விடாமுயற்சி, வளைந்துகொடுப்பது, நடக்கும் என்ற நம்பிக்கை, துணிவு. உண்மைதான். சுவரில் ஒட்டிவைத்தால் யாரும் மறுக்க மாட்டார்கள், யாரும் நின்று படிக்கவும் மாட்டார்கள். அதனால் இந்த ஐந்தையும் விளக்குவதற்குப் பதில் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயின் ஓராண்டைச் சொல்கிறேன்.

ஃபாரடே லண்டனில் புத்தகம் தைத்துக் கட்டும் கடையில் தொழில் பழகிக்கொண்டிருந்தார். 1812-இல், அவருக்கு இருபது வயது. கடைக்கு வாடிக்கையாக வரும் ஓர் இசைக்கலைஞர், ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி ஆற்றும் நான்கு சொற்பொழிவுகளுக்கு டிக்கெட் கொடுத்தார். எல்லோரும் இந்த டிக்கெட்டோடு கதையை முடித்துவிடுகிறார்கள். டிக்கெட்டால் உடனே எதுவும் நடக்கவில்லை. ஃபாரடே குறிப்பெடுத்தார், வீட்டுக்கு வந்து விரித்து எழுதினார், படங்கள் வரைந்தார், தாம் கற்ற தொழிலைக்கொண்டே அதைப் புத்தகமாகக் கட்டினார். அறிவியல் உலகில் ஏதாவது வேலை கொடுங்கள் என்று ராயல் சொசைட்டியின் தலைவருக்கு எழுதினார். பதிலே இல்லை. தொழில்பழகும் காலம் முடிந்து வேறொருவரிடம் புத்தகம் கட்டப் போனார். ஆண்டு முடியும் நேரத்தில் அந்தக் குறிப்பேட்டை டேவிக்கே அனுப்பினார். டேவி கூப்பிட்டுப் பேசினார், இன்முகத்தோடு பேசினார், புத்தகம் கட்டும் தொழிலையே பார் என்று சொல்லி அனுப்பிவிட்டார். பிறகு, 1813 பிப்ரவரியில், டேவியின் ஆய்வுக்கூட உதவியாளர் ஒரு கைகலப்பில் ஈடுபட்டு வேலையை இழந்தார். மார்ச் முதல் நாள் அந்த இடத்தில் ஃபாரடே.

டிக்கெட் தற்செயல், கைகலப்பும் தற்செயல். இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய ஓராண்டு. எழுதுவது, வரைவது, கட்டுவது, பதில் வராத கடிதம், கனிவான மறுப்பு. உதவியாளர் சண்டை போட்ட அன்று டேவியின் நினைவுக்கு வருவதற்கு ஒரு பெயர் இருந்தது என்பதுதான் அந்த ஓராண்டின் பலன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இதற்குள் இருக்கிறது. திட்டம் போட்டால் நினைத்தபடி நடக்கும் என்பதற்காகத் திட்டம் போடச் சொல்லவில்லை. ஏதோ ஒன்றை நோக்கி வேலை செய்துகொண்டிருப்பவரின் கையில்தான், வருவது வந்தால் பற்றிக்கொள்ள ஏதாவது இருக்கும். ஃபாரடேயின் திட்டம் எந்த இடத்திலும் பலிக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் ஏமாற்றுவதாகும்: குறிப்பேட்டை அதே அக்கறையோடு எழுதிக் கட்டி அனுப்பி, யாரும் சண்டை போடாததால் கடைசிவரை புத்தகம் கட்டிய ஃபாரடேக்கள் எத்தனை பேரோ. அவர்கள் பெயர் எந்த வரலாற்றிலும் இல்லை. டிக்கெட் கொடுக்கும் வாடிக்கையாளரே வராத கடையில் இருந்தவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இது அடுத்த செய்திக்குக் கொண்டுபோகிறது. சில தற்செயல்கள் உங்கள் பண்பையோ ஆவலையோ சட்டை செய்வதில்லை. பட்டம் வாங்கும் ஆண்டு எப்படிப்பட்டது என்பது அப்படி ஒன்று. கனடாவில் கல்லூரி முடித்த ஆண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வு, பொருளாதார மந்த காலத்தில் வெளியே வந்தவர்களின் வருமானம் தொடக்கத்தில் சுமார் 9 சதவீதம் குறைவாக இருந்ததையும், அந்தக் குறை முழுதாக மறையப் பத்தாண்டுகள் பிடித்ததையும் காட்டியது. மீண்டவர்கள் பெரும்பாலும் சிறிய நிறுவனத்திலிருந்து நல்ல நிறுவனத்துக்கு மாறி மாறித்தான் மீண்டார்கள். முதல் வேலை சரியில்லை என்றால் உங்களிடம்தான் குறை என்று நினைத்து அங்கேயே உட்கார்ந்துவிடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம்.

இன்னும் அப்பட்டமான எடுத்துக்காட்டு நெதர்லாந்து. அங்கே 1970-களிலிருந்து பல ஆண்டுகள் மருத்துவப் படிப்புக்கான இடங்களைக் குலுக்கலில்தான் கொடுத்தார்கள். மதிப்பெண் கூடினால் வாய்ப்பு கூடும், உறுதி கிடையாது. 1990-களில் பள்ளி இறுதித் தேர்வில் 10-க்கு 9.6 சராசரி வாங்கிய ஒரு மாணவி குலுக்கலில் மூன்று முறை தோற்றார். நாடே கொதித்தது. பிறகு சராசரி 8 அல்லது அதற்கு மேல் இருந்தால் நேரடி அனுமதி என்று விதி திருத்தப்பட்டது. அந்தக் குலுக்கலில் வென்றவர்களையும் தோற்றவர்களையும் பொருளாதார ஆய்வாளர்கள் பின்னாளில் ஒப்பிட்டார்கள். 22 ஆண்டுகள் கழித்து மருத்துவர் ஆனவர்களின் வருமானம், வேறு துறைக்குப் போனவர்களைவிடக் கிட்டத்தட்ட 50 சதவீதம் அதிகம். ஒரே மாதிரித் திறமை, ஒரே மாதிரி ஆசை, நடுவில் ஒரு சீட்டு. ‘திறமை இருந்தால் எப்படியும் மேலே வந்துவிடலாம்’ என்று மேடையில் முழங்குகிறவர்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த 50 சதவீதம் நினைவுக்கு வருகிறது. தற்செயலை ஒத்துக்கொள்வதில் கிடைக்கும் முதல் நன்மை, தோற்றவரைக் குறைவாக நினைக்காமல் இருப்பதுதான். அந்தத் தோற்றவர் நீங்களாகவே இருந்தாலும் சரி.

இனி, உங்கள் கையில் இருப்பது.

உங்களுக்கு ஏற்கெனவே நெருக்கமானவர்களிடம் மட்டும் யோசனை கேட்காதீர்கள். சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர், 1970-களில் வெளியான தம் ஆய்வுக்காக, அமெரிக்காவின் நியூட்டன் நகரில் அண்மையில் வேலை மாறிய ஆண்கள் 282 பேரை ஆராய்ந்தார். 56 சதவீதத்தினருக்குத் தெரிந்தவர் மூலமாகத்தான் வேலை வந்திருந்தது. அவர்களிலும், அடிக்கடி பார்க்கும் ஆள் மூலமாக வந்தது 17 சதவீதத்துக்கும் குறைவு. மீதி எல்லாம் எப்போதாவது பார்ப்பவர், எப்போதோ பார்த்தவர் மூலமாக. வீட்டாரும் உயிர்த்தோழரும் நீங்கள் அறிந்ததையேதான் அறிந்திருப்பார்கள். உங்களுக்குப் பெயரே தெரியாத தொழில் ஒன்று இருக்கிறது என்ற செய்தி, பெயர் மட்டும் தெரிந்தவரிடமிருந்துதான் பெரும்பாலும் வரும். ‘நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள், காலையில் போனதும் முதலில் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்பதற்குக் காசு செலவில்லை.

முடிவு எடுக்க வேண்டிய மாதத்தில் புதிதாக வந்து மனத்தைப் பிடித்துக்கொண்டது எதுவாக இருந்தாலும், அதைக் கொஞ்சம் சந்தேகியுங்கள். அது நல்லதாகவே இருக்கலாம். ஆறு மாதம் முன்பு வந்திருந்தாலும் இதே இழுப்பு இருந்திருக்குமா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

இரண்டு படிப்புகளுக்கு நடுவே பல வாரங்களாகத் தவித்துக்கொண்டிருந்தால், அந்த இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு நீங்கள் அஞ்சும் அளவுக்குப் பெரிதல்ல என்றுதான் பெரும்பாலும் பொருள். பெரிதாக இருந்திருந்தால் தவித்திருக்க மாட்டீர்கள். பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட், முடிவெடுக்க முடியாமல் திணறியவர்களை இணையத்தில் நாணயம் சுண்ட வைத்தார். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட முறை சுண்டினார்கள். வேலையை விடுவது போன்ற பெரிய முடிவுகளில், மாற்றிக்கொள் என்று நாணயம் சொன்னவர்கள் அப்படியே இரு என்று சொல்லப்பட்டவர்களைவிட அதிகமாக மாற்றிக்கொண்டார்கள், ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது அதிக மகிழ்ச்சியோடும் இருந்தார்கள். நாணயத்திடம் யோசனை கேட்க வந்தவர்கள் ஏற்கெனவே பாதி மனத்தோடு மாறக் காத்திருந்தவர்களாக இருக்கலாம், அதனால் இதை எல்லோருக்கும் நீட்டிவிட முடியாது. என்றாலும், மாறினால் என்ன ஆகுமோ என்ற பயம் வழக்கமாக உண்மையைவிடக் கொஞ்சம் பெரிதாகவே இருக்கிறது.

கடைசியாக, ஒரு பாடத்தை அடியோடு ஒதுக்குவதற்கு முன் அதை இன்னொரு முறை, வேறு நேரத்தில், வேறு ஆசிரியரிடம் அல்லது வேறு புத்தகத்தில் சந்தித்துவிடுங்கள். ஒரு வாரம் போதும். என்னிடம் வருகிறவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து, பிடிக்காத பாடங்களின் பெயரை எழுதச் சொல்வேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது நாளின் எத்தனையாவது பாடவேளை, யார் நடத்தினார், எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள், அந்த ஆண்டு வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று எழுத வேண்டும். நீங்களும் எழுதிப் பாருங்கள். பிறகு தாளைத் திருப்பி, பிடித்த பாடங்களுக்கும் இதையே செய்யுங்கள். பெரும்பாலானவர்கள் முதல் பக்கத்தைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். பின்பக்கத்துக்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ‘இது எதற்கு, இது எனக்கு உண்மையிலேயே பிடிக்கும்’ என்கிறார்கள்.